மஞ்சள் வைத்த படகு

தடா
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சந்தியாவுக்கு அம்மா பாப்பாத்தி எழுதுகிறேன். இங்கே நானும் உன் நைனாவும் இரண்டு ஆடும் ஒரு கோபக்காரச் சேவலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குவைத்தில் வேளைக்குச் சோறு தின்று, இளைக்காமல், சிரித்த முகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் தொட்டேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீயும் உன் நைனாவும் பேசி முடித்து அது என் காதுக்கு வருவதற்குள் உனக்கு ஆஸ்பத்திரி டியூட்டி வந்துவிடுகிறது, நான் சொல்ல வேண்டியதோ ஒரு மூட்டை இருக்கிறது. செல்லியம்மாவின் அண்ணன் மகன் வியாழக்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நான் அஞ்சாவது வரைக்கும் போனவள், அதிலும் பாதி நாள் கடலைக்காய் பொறுக்கப் போனவள், தப்பு இருந்தால் சிரித்துக்கொள். ஆனால் நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்வேன், கடைசிப் பக்கத்தை முன்னாலேயே திருப்பினால் உன் கண்ணு மேல ஆணை. உன் நைனாவையும் போனில் வாயைத் திறக்கக் கூடாது என்று இரண்டு நாளாகக் கட்டிப் போட்டு வைத்திருக்கிறேன்.

எங்கள் டுவாக்ரா மகளிர் குழுவுக்குப் பஞ்சாயத்தில் ஒரு பழைய ஃபைபர் படகைக் கொடுத்தார்கள் அல்லவா, பழவேற்காட்டு ஏரியில் பூநாரை பார்க்க வருகிற ஜனங்களை ஏற்றிக்கொண்டு போக. எங்கள் குழுத் தலைவி செல்லியம்மா அதை ஓட்டுவதற்கு கங்கையா என்று உன் நைனா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள், கல்யாணத்துக்கு முன்னால் இதே ஏரியில் படகு ஓட்டினவர்தானே. ஆபீசர் வந்து தண்ணீரில் இறக்கிப் பார்த்து, ஒழுகவில்லை என்று எழுதிக் கொடுத்தால் உன் நைனாவுக்கு ஊரிலேயே வேலை. இல்லாவிட்டால் பழையபடி திருச்சானூர் லாட்ஜில் வாட்ச்மேன், பதினைந்து நாளைக்கு ஒரு தரம் முகம் காட்டும் விருந்தாளி. ஒன்பது வருஷமாக இந்தப் பிழைப்பு, இப்போது அவர் வந்தால் நாயே ஒரு தரம் குரைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாலை ஆட்டுகிறது. 'உனக்கு இன்னாடி, நான் இல்லன்னா காலை நீட்டிக்கினு தூங்குவ' என்று சொல்வார், நானும் ஆமாய்யா என்பேன். அது பொய் என்று உனக்குத் தெரியும், அவருக்குத் தெரிய வேண்டாம். லாட்ஜில் பத்து நாள் லீவு கொடுத்திருந்தார்கள், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை படகுச் சோதனை. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

படகை நீ பார்த்திருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பாய். நாலு வருஷம் ஏரிக்கரையில் பஞ்சாயத்து ஆபீஸ் பின்னால் கிடந்து, உள்ளே ஆடு குட்டி போட்டு, கைப்பிடிக் கம்பியெல்லாம் கிழவன் பல் மாதிரி ஆடியது. கயிறு கட்டுகிற கொம்பை உன் நைனா கொஞ்சம் இழுத்துப் பார்த்தார், கொம்பு கையோடு வந்துவிட்டது, அவர் சாணியில் உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் செல்லியம்மா ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். புது ஸ்க்ரூ முறுக்கினால் போதாதா என்று கேட்டதற்கு, 'ஆடறது ஸ்க்ரூ இல்லடி, ஓட்டை. ஓட்டை பெருசாயிட்டா எந்த ஸ்க்ரூவும் நிக்காது' என்றார். கம்பியின் தட்டுக்கு அடியில், கொம்புக்கு அடியில், பின்பக்கம் தண்ணீர் வடிக்கிற பித்தளை மூடியைச் சுற்றி, தண்ணீர் இறங்காமல் இருக்க எந்தக் காலத்திலோ வைத்த பேஸ்ட் கறுத்து வெடித்துக் கல்லாகிக் கிடந்தது. அதை ஒரு துணுக்கு விடாமல் எடுத்தால்தான் புது பேஸ்ட் பிடிக்குமாம். இரும்பால் சுரண்டினால் ஃபைபர் கீறிவிடும் என்று, நீ வாங்கி அனுப்பினாயே பிளாஸ்டிக் தோசைத் திருப்பி, அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். செல்லியம்மா தன் மருமகள் தலைமுடி காயவைக்கிற மிஷினைக் கொண்டுவந்தாள், சூடு காட்டக் காட்டப் பழைய பேஸ்ட் இளகி நீளநீளமாக உரிந்து வந்தது. படகுக்குத் தலை காயவைக்கிறார்கள் என்று ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. பெருத்த ஓட்டையெல்லாம் அடைத்து, காய்ந்த பிறகு புதிதாகத் துளை போட்டு, அடிப்பக்கம் அகலத் தகடு கொடுத்து, துருப்பிடிக்காத போல்ட்டு வாங்கி, எல்லாம் சரியாக உட்காருகிறதா என்று ஒரு தரம் பொருத்திப் பார்த்துக் கழற்றியும் வைத்துவிட்டார். புதன்கிழமை பேஸ்ட் வைத்து முறுக்குவது ஒன்றுதான் பாக்கி.

இங்கேதான் உன் அம்மாவின் கெட்டிக்காரத்தனம் வருகிறது, கேள். புது பேஸ்ட் வைக்கும் முன்னால் ஏரியைக் காக்கிற அம்மன் கங்கம்மாவுக்குப் பூசை செய்யாமல் விடலாமா. புதன்கிழமை காலையில் நானும் செல்லியம்மாவும் படகைக் கழுவி மஞ்சள் பூசினோம். வழவழப்பான ஃபைபரில் தண்ணியில் குழைத்த மஞ்சள் நிற்கவில்லை, வழிந்து வழிந்து போனது. எனக்குத்தான் மூளை இருக்கிறதே, நல்லெண்ணெயில் குழைத்தேன். அடடா, என்ன ஒட்டு ஒட்டியது தெரியுமா. ஒவ்வொரு துளைக்கும், பித்தளை மூடிக்கும், கம்பித் தட்டு உட்காருகிற இடத்துக்கும் கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைக்கிற மாதிரி வைத்துக் குங்குமமும் இட்டோம். உன் நைனா வந்து பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், அம்மனுக்கு வைத்த மஞ்சளைத் துடைக்கக் கூடாது என்று அதன் மேலேயே பேஸ்டை வைத்து எல்லாவற்றையும் முறுக்கிவிட்டார். வியாழக்கிழமை காலை விளிம்பை நகத்தால் நெம்பிப் பார்க்கிறார், பால் ஏடு மாதிரி முழுசாக எழுந்து கையில் வருகிறது, அடியில் பளபளவென்று மஞ்சள் எண்ணெய். 'எண்ணெயைத் தடவனது யாரு' என்றார். 'தொடைக்காம பேஸ்டை அப்புனது யாரு' என்றேன். அவர் திட்டவில்லை சந்தியா, படகின் ஓரத்தில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திரும்ப எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெய் போகப் பெயிண்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும். துணியை எடுக்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை, அம்மன் மஞ்சள் ஆயிற்றே. செல்லியம்மா நாலடி பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் ஏரிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, 'தாயே, வெச்சவளே எடுக்கிறேன், கோவம் வந்தா என் மேல மட்டும் வெச்சுக்கோ, படகு மேல வெச்சுக்காத' என்று சொல்லிவிட்டு முதல் துளையைத் துடைத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, தின்னர் நெடியில் ஏழெட்டுத் தும்மல் வந்தது, அவ்வளவுதான். துணி மஞ்சள் படாமல் வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடைத்தோம். பொழுது சாயும் நேரத்துக்குத்தான் புது பேஸ்ட் வைத்து முடிந்தது. அது முழுதாகக் காய ஒன்றரை நாள் ஆகும் என்று டப்பாவில் போட்டிருந்தது. ஆபீசர் வருவதோ மறுநாள் காலை பத்து மணிக்கு.

வெள்ளிக்கிழமை அந்தத் தெலுங்கு ஆபீசர் சுரேஷ்பாபு சார் சரியாக வந்துவிட்டார். பேஸ்ட் மேலே காய்ந்த மாதிரி அழகாகத்தான் இருந்தது. உன் நைனா என் காதில், 'கம்னு இரு, ஒருவேளை தாங்கிடும்' என்றார். தாங்கினால் திருச்சானூருக்குப் போக வேண்டாம், எனக்கும் ஆசைதான். ஆனால் பேஸ்ட் உள்ளே பச்சையாக இருக்கும்போது தண்ணீரில் இறக்கி, அன்றைக்குத் தாங்கி அப்புறம் விட்டுவிட்டால், யார் வீட்டுப் பிள்ளைகளோ அதில் உட்கார்ந்திருக்கும். நான் எனக்குத் தெரிந்த தெலுங்கில் மஞ்சள், எண்ணெய், தும்மல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆபீசர் முதலில் முறைத்தார், அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார், அவர் வீட்டுப் புது பைக்குக்கு அவர் அம்மா பூசின எண்ணெய் மஞ்சளில் பிரேக் பிடிக்காமல் போன கதையைச் சொன்னார். ஆனால் சனி ஞாயிறு ஆபீஸ் லீவு, திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு லாட்ஜ், பத்து மணிக்குப் படகு. படகு தோற்றால் இரண்டும் போச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவர் பையைக் கட்டி வைத்தேன், இருக்கிற வேலையையும் விட வேண்டாம், போய்யா, நான் ஆபீசரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நாலரை பஸ் வந்து ஹாரன் அடித்தது, மனுஷன் அசையவில்லை, பல்லில் ஈர்க்குச்சி வைத்துக் குத்திக்கொண்டிருக்கிறார். 'மஞ்சள் வெச்சது நீ, பேஸ்ட் வெச்சது நான், தண்ணில எறங்கறப்ப ரெண்டு பேரும் இருக்கணும்' என்றார். பஸ் போய்விட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல் நான் ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டேன்.

நேற்று படகை இறக்கினோம். இருபது பேர் பாரம் வேண்டும் என்று எங்கள் குழுப் பெண்களையே ஏற்றினார்கள், செல்லியம்மா ஒருத்தியே இரண்டு பேருக்குச் சமம் என்று சொன்னேன், அடிக்க வந்தாள், படகு ஆடியது, உட்காருங்கம்மா என்று ஆபீசர் கத்தினார். ஒவ்வொரு போல்ட்டுக்கு அடியிலும் பித்தளை மூடியைச் சுற்றியும் ஒரு தெலுங்குப் பேப்பரைக் கிழித்து விரித்தார், ஒரு சொட்டு இறங்கினாலும் பேப்பர் காட்டிக் கொடுத்துவிடுமாம். ஒரு மணி நேரம் ஏரியைச் சுற்றினோம். உன் நைனா ஓட்டுகிறார், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், என் பக்கம் திரும்பவே இல்லை. தூரத்தில் பூநாரை ஒரு கூட்டம் செக்கச்செவேல் என்று எழுந்து பறந்தது, எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள், நான் பித்தளை மூடிக்குப் பக்கத்துப் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கரைக்கு வந்ததும் ஆபீசர் ஒவ்வொரு பேப்பராக எடுத்து, விரலால் தேய்த்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார். கடைசிப் பேப்பரையும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பாஸ், சந்தியா! பாஸ்! செல்லியம்மா விசில் அடித்தாள், அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று நேற்றுத்தான் தெரிந்தது. உன் நைனா எஞ்சினை நிறுத்த மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பாஸ்போர்ட் தேதி பங்குனியோடு முடிகிறது, மறக்காமல் எழுதிப் போடு. குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, டியூட்டியில் நின்றுகொண்டே சாப்பிடாதே. கங்கம்மா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும், நாங்கள் இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம். பித்தளை மூடியைச் சுற்றி விரித்த பேப்பரில் ஒரு துண்டு கிழித்து இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், தொட்டுப் பார், மொறமொறவென்று இருக்கும். உன் நைனா இன்றைக்குக் காலை படகுக்குப் போனார், மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்கு வந்தார். சோத்துக்கு வந்தார் சந்தியா, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில்! வந்து உட்கார்ந்து ஒரு வாய் வைத்துவிட்டு, குழம்பில் உப்பு இல்லை என்றார்.

இப்படிக்கு,
உப்புப் போடத் தெரியாத உன் அம்மா
கங்கையா பாப்பாத்தி