அழுத்தி எழுதிய ‘ரி’

அன்புள்ள மகள் பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம், அங்கே நீயும் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும். முப்பத்தாறு வயதுக்காரியை இன்னும் பொடிசு என்று கூப்பிடலாமா என்று அம்மா கேட்கிறாள், கூப்பிட்டுப் பழகிய வாய், விடு. அவளுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டியது நான் இல்லை என்று சொன்னால் காதில் வாங்குவதில்லை. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, திடீரென்று கடிதம் எதற்கு என்று பயந்துவிடாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்லத்தான் பார்த்தேன், குழாயில் ஆரம்பித்துக் குழாயிலேயே முடித்துவிட்டு அம்மா கையில் போனைக் கொடுத்துவிட்டேன். நேருக்கு நேர் உன் குரலைக் கேட்டுக்கொண்டு சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இது.

அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டில் பண்ணிய அட்டகாசம் உனக்குத் தெரியும். மளிகைச் சீட்டில் ஒற்றுப்பிழை பார்த்தேன், மாடி வீட்டுக்காரர் ஒட்டிய வாடகை அறிவிப்பில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன், மருந்துச் சீட்டைக்கூட விடவில்லை. நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினேன், ஒரு பிழையும் கண்ணுக்குத் தப்பாது என்று என்னைக் கழுகு என்று கூப்பிட்டார்கள், அந்தப் பெருமை மண்டைக்குள் கூடு கட்டிவிட்டது. பொறுக்க முடியாமல் அம்மாதான் என்னை நம் தெருமுனைப் பொது நூலகத்துக்குத் துரத்திவிட்டாள். அங்கே நூலகர் அம்மாவுக்குக் கூடமாட உதவியாக ஏதாவது செய்துகொண்டிரு, வீடு கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றாள். நானும் இந்த ஆறு மாதமாகப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, கிழிந்த பக்கங்களை ஒட்டி, நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன்.

அந்த நூலகத்தில் வருடா வருடம் பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கிறார்கள். கதை, கவிதை, புத்தக அட்டை வரைவது, பக்க அடையாள அட்டை செய்வது என்று நான்கைந்து வகை. கதைக்கு மட்டும் நாற்பத்து மூன்று பேர் கையால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கையெழுத்தை வைத்து நடுவர்கள் யார் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் கணினியில் தட்டச்சு செய்து, பெயருக்குப் பதில் எண் போட்டு அனுப்புவது வழக்கம். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார் நூலகர் அம்மா. கொடுக்கும்போதே தெளிவாகச் சொன்னார், ஐயா நீங்க பிழை திருத்த வேணாம், புள்ளைங்க எழுதினது எப்படி இருக்கோ அப்படியே அடிச்சாப் போதும், தப்பும் அவங்களோடதுதான் என்றார். நானும் மாடு மாதிரித் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு என்ன செய்தேன் தெரியுமா. அங்கே ஒரு ஒற்று, இங்கே ஒரு கால் என்று போகிற போக்கில் திருத்திக்கொண்டே போனேன். பாவம் பிள்ளைகள், மதிப்பெண் குறைந்துவிடுமே என்று எனக்கு நானே ஒரு சமாதானம். உண்மையைச் சொன்னால் கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பதினேழாம் எண் கதை ஒரு பெண் பிள்ளை எழுதியது, பதினைந்து வயது. நூலகத்துக்குப் பின்தெருவில் கத்தி, கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கிற கடை இருக்கிறதல்லவா, நம் வீட்டுக் கத்தியைக்கூட நீதான் சின்ன வயதில் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோவாய், அந்தச் சாணைக்காரரின் மகள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, அப்போது வெறும் பதினேழு. கதையில் ஒரு அப்பா நாள் முழுக்க ஊரார் கத்திக்குக் கூர் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலையை நிறுத்த முடியாமல் பேச்சிலும் கூர் வைத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் அந்தப் பெண் இப்படி முடித்திருந்தாள். அப்பா கூறிய சொற்களை மறந்துவிடலாம், கூரிய சொற்களை எங்கே வைப்பது, கத்தி என்றால் உறையாவது இருக்கிறது. முதலில் பெரிய றி போட்டுக் கூறிய, சொன்ன என்ற அர்த்தத்தில். இரண்டாவது சின்ன ரி போட்டுக் கூரிய, கூர்மையான என்ற அர்த்தத்தில். கதையே அந்த ஒரு எழுத்தில்தான் நிற்கிறது. நான் அந்த இரண்டாவதையும் பெரிய றி ஆக்கிவிட்டேன். ஒரே வார்த்தையை அடுத்தடுத்து இரண்டு விதமாக எழுதியிருக்கிறாளே, கவனமில்லாத பிள்ளை என்று நினைத்தேன். இதில் கொடுமை என்ன என்றால், அந்தச் சின்ன ரியை அவள் பேனாவால் இரண்டு மூன்று முறை மேலே மேலே போட்டுக் கருகருவென்று அழுத்தி எழுதியிருந்தாள். அதை நான் பார்த்தேன் பொடிசு. பார்த்துவிட்டு, சந்தேகத்தில் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறாள் போல என்று முடிவு கட்டினேன். நாற்பது வருடம் எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன், வரியைப் படிக்கவே இல்லை.

பரிசளிப்பு அன்று நூலகக் கூடத்தில் தட்டச்சு செய்த கதைகளையெல்லாம் பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். நடுவர்களின் குறிப்புச் சீட்டும் அதனதன் கீழே. பதினேழாம் எண்ணுக்குக் கீழே, நல்ல கதை, முதல் பரிசுக்கு நிற்க வேண்டியது, கடைசி வரியில் சொன்னதையே சொல்லித் தடுமாறிவிட்டது என்று எழுதியிருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் மட்டும். அவள் பலகை முன்னால் நின்று தன் கதையைப் படித்தாள், கடைசிக்கு வந்ததும் மூக்கு ஒட்டுகிற மாதிரி கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு நேராக நூலகர் அம்மாவிடம் போய், மேடம் நான் இப்படி எழுதல, இது சின்ன ரி, யாரோ மாத்திட்டாங்க என்றாள். நூலகர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, ஐயா மூலத்துல எப்படி இருந்துச்சு என்று கேட்டார்.

மூலம் என் தோளில் தொங்கிய பையில் இருந்தது. ஒத்துப்பார்க்க வீட்டுக்குக் கொண்டுபோன கட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்து வந்திருந்தேன். அந்த அழுத்தி எழுதிய ரியும் கண்ணுக்குள்ளேயே நின்றது, அவள் வாயைத் திறந்த நிமிடமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் கூடம் நிறைய ஆட்கள், நடுவர்களில் ஒருவர் என் பழைய அச்சகத்து ஆசிரியர், என்னைக் கழுகு என்று அறிமுகப்படுத்திப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் சொன்னேன், மூலத்துலயும் அப்படித்தாம்மா இருந்துச்சு, அடிச்சது நான்தானே, எனக்கு ஞாபகம் இருக்கு என்று. கூசாமல் சொன்னேன். பையை இன்னும் கொஞ்சம் அக்குளில் இடுக்கிக்கொண்டு சொன்னேன்.

அத்தோடு போயிருந்தால்கூட என் மனசு எதையாவது சொல்லித் தூங்கப் போயிருக்கும். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் அவள் அப்பா நின்றிருந்தார், கடையைச் சாத்திவிட்டுத் தலை வாரி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை. எத்தனை வருடத்துக்கு அப்புறம் அவர் நூலகத்துக்குள் கால் வைத்தாரோ. அவர் மகளைப் பார்த்து, ஒரு எழுத்து ஒழுங்கா எழுதத் தெரியல, கதை எழுத வந்துட்டா, தப்பையும் பண்ணிட்டு அடுத்தவங்க மேல பழி வேற என்றார். எல்லார் காதிலும் விழுந்தது. அந்தப் பிள்ளை அழவில்லை. பலகையிலிருந்து ஊசியைப் பிடுங்கித் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எதைப் பற்றி அவள் கதை எழுதினாளோ அதை என் வாயால் வரவழைத்து மறுபடி அவள் மேலேயே விழவைத்தேன். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுபது வயதில் இதுவும் ஒரு பிழைப்பு.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொடவில்லை. அம்மா இரண்டு முறை கேட்டாள், மூன்றாம் முறை கேட்கும்போது பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படித்து முடித்துவிட்டு, பொடிசுக்கும் நீங்க இதத்தானே பண்ணீங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், எழுந்து குழாய்க்கு அடியில் வாளியை நகர்த்தப் போய்விட்டாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்குத்தான் வசதியாக மறந்து போயிருந்தது. நீ பதினெட்டு வயதில் விடுதிக்குப் போன முதல் மாதம் ஒரு கடிதம் எழுதினாய், நான்கு பக்கம். அதைச் சிவப்பு மையில் திருத்தி, உன் நன்மைக்குத்தான் என்று, உனக்கே திருப்பி அனுப்பினேன். அதில் ஒரு இடத்தில், இங்கே எல்லாரும் இருந்தும் ரொம்பத் தணியாக இருக்கிறேன் அப்பா என்று எழுதியிருந்தாய். தனிக்கு இரண்டு சுழி போட வேண்டிய இடத்தில் மூன்று சுழி போட்டிருந்தாய். நான் அதை வட்டம் போட்டு, பக்கத்தில், இரண்டு சுழி, கவனம் என்று எழுதினேன். என்னம்மா ஆச்சு, ஏன் தனியா இருக்கே, நான் வரட்டுமா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமே இல்லை, எல்லாம் போன்தான். போனில் சுழி தெரியாது என்பதால்தான் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஊரில் எல்லாரிடமும் என் மகள் படிப்பில் மும்முரம், கடிதம் எழுத நேரமில்லை என்று சொல்லித் திரிந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய் நூலகர் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, என்கிட்ட சொன்னா ஆச்சா ஐயா என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, நீங்க கதையப் படிச்சீங்களா, இல்ல திருத்த மட்டும் செஞ்சீங்களா என்றாள். திருத்தத்தான் செய்தேன் என்றேன். பரவால்ல தாத்தா என்று சொல்வாள் என்று எனக்குள் ஒரு நப்பாசை, சொல்லவில்லை. எங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா நம்ப மாட்டாரு என்றாள். கதையை அவர் படிப்பாரே, பரவாயில்லையா என்று கேட்டேன். படிக்கட்டும்னுதானே எழுதினேன் என்றாள்.

கடையில் கத்தரிக்கோலோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று பார்க்காமல், அன்று ஆட்கள் முன்னால் பொய் சொன்னேனே என்று, அவர்கள் முன்னாலேயே சொன்னேன். சாணைக்காரர் சக்கரத்தை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை ஓட்டிப் படித்தார், கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. இந்த ஒரு எழுத்த எதுக்கு இவ்ளோ அழுத்தி எழுதியிருக்கா என்று கேட்டார். யாரும் தப்பா வாசிச்சிடக் கூடாதுன்னு என்றேன். அவர் காத்திருந்தவர்களை நாளைக்கு வரச்சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார், நூலகம் இருக்கிற பக்கமாகத்தான் நடந்து போனார். அப்பாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, அதைக் கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. கொடுத்த பரிசை ஜெயித்த பையன் கையிலிருந்து பிடுங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அதுவும் நியாயம்தான். போட்டிக் கதைகளைப் புத்தகமாகப் போடும்போது எல்லாக் கதைகளையும் மூலத்தை வைத்து அடிக்கச் சொல்லியாயிற்று. பதினேழாம் கதைக்குக் கீழே, போட்டியில் நேர்ந்த பிழை தட்டச்சு செய்தவருடையது, எழுதியவருடையது அல்ல என்று போடச் சொன்னேன், என் பெயரோடு. நூலகர் அம்மா பெயர் வேண்டாமே என்றார். வேண்டும் என்றேன்.

என் சிவப்புப் பேனாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், நாள்காட்டியில் முழங்கால் வைத்தியரைப் பார்க்கிற தேதிகளுக்கு வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்ததும் இந்தக் கடிதத்தை நான் திரும்பப் படிக்கப் போவதில்லை, பிழை இருந்தால் கிடக்கட்டும், உனக்கு ஆசையாக இருந்தால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பு, எனக்கு அது வேண்டியதுதான். குளிர் காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இரவல் வாங்கின புத்தகங்களை நாள் தவறாமல் கொடுத்துவிடு. ஒரு தாள் எடுத்து நாலு வரியாவது கையால் எழுது, இந்தத் தடவை வாசிக்கிறேன். நீயும் உன் வேலையும் உன் வீடும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், நீ நினைத்தது நடக்க வேண்டும், அம்மாவும் நானும் கேட்டுக்கொள்வது அதுதான்.

பதினெட்டு வருடம் தாமதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன் பொடிசு, நீ எழுதின மாதிரியே மூன்று சுழி போட்டு. அங்கே இன்னும் தணியாகத்தான் இருக்கிறாயா அம்மா? நான் வரட்டுமா?

இப்படிக்கு,
உன் அப்பா