மனமொத்த மாறுதலுக்கு ஓர் ஆள்

மார்ச் 4
எங்கள் துறைக்காரர்களுக்கென்றே ஒரு வலைதளம் திறந்திருக்கிறார்கள். பெரிய அதிகாரி முதல் என்னைப் போன்ற அலுவலக உதவியாளர் வரை எல்லாருக்கும் ஆளுக்கொரு பக்கம். என் பக்கத்தை டைப்பிஸ்ட் அம்மாதான் போட்டுக் கொடுத்தார்.

"திறமைன்னு என்னண்ணே போட?"

"ஊர் வம்பு பேசறதுன்னு போடும்மா."

கடைசியில் 'விரும்பும் ஊர்' என்று ஒரு கட்டம். என் சிரிப்பு நின்றுபோனது. வீட்டுக்காரி இருக்கும் ஊரைச் சொன்னேன்.

மார்ச் 5
அவளும் இதே துறைதான். அந்த ஊரில் பதவி உயர்வு வந்தபோது, "நீ முன்னால போ, நான் பின்னாலேயே வந்துடறேன்" என்று பஸ் ஏற்றிவிட்டவன் நான். மூன்று வருஷமாகப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறேன்!

மனமொத்த மாறுதல் ஒன்றுதான் வழி. அங்கே என் வேலையில் இருக்கிற ஒருவர் இங்கே வர ஆசைப்பட வேண்டும். அப்படி ஓர் ஆளை எங்கே போய்த் தேடுவது?

மார்ச் 9
வலைதளத்திலேயே கிடைத்துவிட்டார்! அவள் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி வேலை. மகளை இந்த ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறாராம். போனில் பேசினோம். அவர் பேசினது கொஞ்சம்தான். மீதியை நான் பேசினேன்.

மார்ச் 14
மாறுதலுக்கு உதவட்டும் என்று ஆபீஸே சேர்ந்து என் பக்கத்தில் நற்சான்று எழுதித் தள்ளிவிட்டது. டிரைவர்: 'இவர் இல்லாமல் ஆபீஸ் ஓடாது.' டைப்பிஸ்ட்: 'இவருக்கு ஈடு இவர்தான்.' காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன்.

மார்ச் 18
பணியாளர் பிரிவு மேலாளர் அம்மா கூப்பிட்டார்.

"நீங்க இல்லாம ஆபீஸ் ஓடாதாமே. அப்புறம் உங்களை எப்படி விடறது? வரப்போறவர் பக்கத்துல ஒரு வரி கூட இல்லையே!"

தூக்கிவிட்ட காலரை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பாவிகளா, ஆசையாத்தானே எழுதினீங்க...

மார்ச் 19
போனில் அவளிடம் சொன்னேன். "சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டதாகச் சொன்னேன்.

அவள் தலையணைக்கும் வாராவாரம் உறை மாற்றுகிறேன். யாருக்காக?

மார்ச் 22
ஒன்றுமில்லை.

மார்ச் 26
அந்த மனிதர் பக்கத்தில் முதல் நற்சான்று. எழுதியவள் என் வீட்டுக்காரி! மதிய இடைவேளைகளில் நேரே போய் அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறாள்.

'சுறுசுறுப்பானவர். சொன்னதை மறப்பதில்லை. எனக்குத் தெரிந்த இன்னோர் உதவியாளரை விடப் பேச்சு மிகக் குறைவு.'

மேலாளர் அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "யாருங்க அந்த இன்னோர் உதவியாளர்?"

"நான்தான் மேடம். எழுதினது என் சம்சாரம்."

அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "சம்சாரம் சொன்னா மட்டும் போதாது. அவரோட அதிகாரிகிட்டயும் கேக்கறேன்."

கேட்கட்டும். கேட்கட்டும், கடவுளே.

ஏப்ரல் 2
கையெழுத்தாகிவிட்டது.

டைப்பிஸ்ட் அம்மா மூக்கை உறிஞ்சினார். "இனிமே எங்களை யாருண்ணே கிண்டல் பண்ணுவா?"

"வலைதளம் எதுக்கும்மா இருக்கு?"

ஏப்ரல் 21
ஞாயிறு. இரண்டு தலையணை உறைகளையும் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். எனக்குக் காவல் வேலை.

"எழுதினது போதும், தூறுது பாருங்க" என்கிறாள். போகிறேன்.