ஜேனு விழுகிற மரம்

இன்று காலை வாசல் பெருக்கும்போது அந்த வாடை மறுபடி வந்தது. உங்கள் நீர்க்காய் மரத்தின் மொட்டு ஒன்று என் செருப்படியில் நசுங்கியிருந்தது. மரத்தை வெட்டி நான்கு நாளாகிறது. இது மட்டும் எந்த மூலையில் கிடந்ததோ. செருப்பைக் குழாயடியில் கழுவினேன். நீங்கள் போய் ஐந்து மாதம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

கர்நாடக எல்லையோரக் கௌதள்ளியில் பிறந்த உங்களுக்குக் கன்னடம் தெரியாமல் இல்லை. ஆனால் தமிழில் நினைத்துத்தான் கன்னடம் பேசுவீர்கள். நம் சுவர்ப் பொந்தில் கொசுத்தேனீக்கள் குடியிருந்தன, எறும்பளவே இருக்கும், கொட்டத் தெரியாதவை. அவற்றுக்குப் பூ வேண்டும் என்று நர்சரிக்குப் போனோம். "ஜேனு பீளோ மர கொடி" என்று கேட்டீர்கள். தேன் கொட்டுகிற மரம் என்பது உங்கள் நினைப்பு. கன்னடத்தில் தேனும் ஜேனு, தேனீயும் ஜேனு. தேனீ விழுகிற மரம் கொடு என்றும் ஆகிவிட்டது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு நீர்க்காய்க் கன்றை எடுத்து நீட்டினார். வீடு வரும்வரை உங்களைக் கிண்டலடித்தேன்.

"கெடக்குது போ கண்ணு, செடி கெடச்சுதல்லோ" என்றீர்கள்.

கேட்டதை மரம் கொடுத்தது. நெருப்பு நிறத்தில் பூத்தது, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், பிள்ளைகள் மொட்டைப் பிதுக்கித் தண்ணீர் பீய்ச்சினார்கள். உங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. விழுந்த பூக்களுக்குள் இரண்டு மூன்று தேனீ செத்துக் கிடக்கும். "பனிக்குச் செத்திருக்கும்" என்பீர்கள். பக்கத்து முருங்கைப் பூவில் ஒன்றும் சாகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் பெருக்கித் தள்ளினேன்.

கடைசி வருஷம் ஜன்னலோரக் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தீர்கள். தினமும் காலையில் ஒரே கேள்வி.

"பூச்சி வருதா கண்ணு?"

"வருதுங்க."

பொந்து வாயில் நாள்கணக்காக ஒன்றையும் காணோம். பொய்தான் சொன்னேன். உங்கள் முகம் தெளிந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

போன வாரம் கிளை கழிக்க வந்தவர் ஒரு பூவைப் பிரித்துக் காட்டினார். "இது ஆப்பிரிக்கா மரம்மா. நம்ம சின்ன ஜேனுக்கு இதோட தேன் ஆகாது. குடிக்க வந்து உள்ளயே செத்துப்போகுது." எனக்குத் திடுக்கென்றுகூட இல்லை. வெட்டிவிடுங்கள் என்றேன். மகள் போனில் அழுதாள். "அப்பா வெச்ச மரம்மா. அது ஒண்ணுதானே மிச்சம்?" அவளுக்காவது அழ வருகிறது.

உங்கள் மேல் கோபமில்லை. பூச்சிக்குச் சோறு போட நினைத்தீர்கள். அது விஷமாகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மரம் முறிந்து விழும்போது மட்டும் நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன்.

செருப்பைக் கழுவிய பிறகு பொந்தின் எதிரே நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரே ஒரு தேனீ வெளியே வந்தது. கொஞ்சம் தயங்கி, முருங்கைப் பக்கம் போனது.

"வருதுங்க" என்று ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். இந்தத் தடவை பொய் இல்லை.

கட்டிலைப் போன மாதமே யாருக்கோ கொடுத்துவிட்டேன்.