ரிமோட்டில் இருந்த கட்டைகள்

இராயபுரம்
வியாழக்கிழமை

ரேச்சல் அப்பாவுக்கு,

ஜெஸ்லின் எழுதிக்கொள்வது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ரேச்சலுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மொஹ்சின் அண்ணன் நாளைக்கு மஸ்கட் கிளம்புகிறார், இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இது அவர் காதில் விழக்கூடாது.

உங்கள் தம்பி சாவியோ கடலுக்குப் போய் இன்றோடு நாலு நாள். படகுகள் இன்னும் தேடுகின்றன. கூடப் போன கிருஷ்ணப்பனை மட்டும்தான் மீட்டார்கள். ராத்திரி இருட்டில் கப்பல் ஒன்று இவர்கள் படகுக்கு நேரே வந்ததாம். எப்போதும்போல் சாவியோ எழுந்து நின்று டார்ச்சை ஆட்டிக் காட்டியிருக்கிறான். "மூணு தபா மின்னுச்சு அண்ணி, அப்பால அவிஞ்சி பூட்ச்சு" என்று கிருஷ்ணப்பன் சொன்னான். கப்பல் படகை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டதாம்.

அன்றிலிருந்து அத்தை நீங்கள் அனுப்பிய டார்ச்சைத்தான் சபிக்கிறார். நீங்களும், "நான் வாங்கின சாமான்தான் என் தம்பியைக் கொன்றுவிட்டது" என்று போனில் அழுதீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேனே, நானெல்லாம் ஒரு மனுஷியா?

டார்ச் மேல் பழி இல்லைங்க. சார்ஜ் போடுகிற நீளப் பேட்டரிக் கட்டையும் போடலாம், கடையில் விற்கிற சின்னக் கட்டை மூன்றும் போடலாம், எது கிடைத்தாலும் எரியும் என்று நீங்கள்தான் பெட்டியைப் பிரித்ததும் வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போய்விட்டது. குழந்தை உடம்பு கொதித்தது. டார்ச்சிலிருந்த நீளக் கட்டையை எடுத்து அவளுடைய குட்டி ஃபேனில் போட்டேன். டி.வி. ரிமோட், கேபிள் ரிமோட் இரண்டிலிருந்தும் மூன்று சின்னக் கட்டைகளைக் கழற்றி டார்ச்சில் போட்டேன். அமுக்கிப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. ரிமோட்டில் வேலை செய்கிற பழைய கட்டை டார்ச்சுக்கு நாலு நிமிஷம்கூடத் தாங்காது என்று எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது சாவியோ கேட்டான்: "சார்ஜ் ஃபுல்லா கீதா அண்ணி?"

மாற்றியதைச் சொன்னால் கட்டை வாங்க அலைவான், எரியத்தானே செய்கிறது என்று நினைத்து, கீது என்றேன்.

கரையில் அத்தையோடு நானும் நிற்கிறேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது செத்துவிடலாம் போலிருக்கிறது. எப்படியாவது லீவு கேட்டு வந்துவிடுங்கள். அத்தையிடம் நீங்கள் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுகிறேன். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்த ஃபேன் இன்னும் ஓடுகிறது, ரேச்சல் அதன் எதிரில் தூங்குகிறாள். அவள் எவ்வளவு பெரியவளானாலும் கட்டை எங்கே போனது என்று அவளுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள் ஜெஸ்லின்