விசிறியை நிறுத்திய பிறகு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் ஏதோ எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். அறையில் குளிர் அதிகம் என்றாயே, காலுறை போடாமல் தரையில் நடக்காதே. போனில் சொல்ல வாய் வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் கையும் வரமாட்டேன் என்கிறது.

சுரங்கத் தீயில் உன் மாமா போய்விட்டான் என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னோம். எப்படிப் போனான் என்று சொல்லவில்லை. அன்று என் தம்பிக்குக் கடைசி மட்டத்தில் வேலை. மண், களிமண், பாறை எல்லாம் தாண்டிக் கரி கிடக்கிற இடம், கீழே போகப்போகச் சூடு ஏறும், சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார்கள். அப்பாவுக்கு மேலே, கீழே காற்று அனுப்பும் பெரிய விசிறியை ஓட்டுகிற வேலை. "நாங்க உள்ள வேகுறோம், மச்சான் மேல உக்காந்து விசிறி வீசிக்கிட்டுச் சம்பளம் வாங்குறார்" என்று எப்போதும் வம்புக்கு இழுப்பான். மதியம் கரியில் தீப்பற்றியது. மற்றவர்கள் இருமிக்கொண்டே மேலே வந்தார்கள், மாமாவும் தண்ணீர் இறைக்கிற பம்புக்காரரும் மட்டும் வரவில்லை. தேடிப் போனவர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். உள்ளிருந்து வந்த காற்றைக் கருவியில் அளந்த பொறியாளர், "கீழ உயிர் இருக்க வாய்ப்பே இல்ல, காத்து போகப்போக தீதான் வளருது, விசிறிய நிறுத்துங்க" என்றாராம். நெருப்புக்கும் மனுஷனுக்கும் ஒரே காற்றுதான் வேண்டியிருக்கிறது, பார். அப்பா மாட்டேன் என்று அழுது, இன்னொரு தடவை ஆள் அனுப்பச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். அனுப்பினார்கள், போனவர்களிலேயே ஒருவர் மயங்கி விழுந்து அவரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அதற்குமேல் ஆளை அனுப்பச் சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. வேறு ஆள் நிறுத்தட்டும் என்றதற்கு, "என் மச்சினன், நானே செய்றேன்" என்று போய் நிறுத்தினாராம். பிறகு சுரங்க வாயைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். உள்ளே சூடு அடங்க வருஷக்கணக்கில் ஆகுமாம், அதுவரை திறக்கமாட்டார்கள்.

மாமாவின் மனைவி, உன் அத்தை, வந்தாள், ஆனால் அழவில்லை. அப்பாவின் முன் நின்று, "ஒரு தட்டுற சத்தம்கூடக் கேக்கலையாண்ணா" என்று மட்டும் கேட்டாள். "கேக்கலம்மா" என்றார். அன்றிலிருந்து வீட்டு மின்விசிறியை யாரும் நிறுத்தக் கூடாது, குளிரில் பல் கிட்டினாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது, நான் இரண்டு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். அவர்மேல் எனக்குக் கோபமா என்று நீ கேட்பாய். முதலில் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, தட்டை வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வேன். கூடப் பிறந்தவன் ஆயிற்றே. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து போடுகிறேன், அவர்தான் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை.

நேற்று தானாகவே பேசினார். "நம்ம பொண்ணு எங்கயோ இருக்கிற கிரகத்து வெளிச்சத்த இங்கருந்தே பாத்து, அங்க காத்து இருக்கா, உயிர் தங்குமான்னு கண்டுபிடிக்கிறாளே, அவளுக்குத் தெரியும், கருவி தப்பா காட்டுமான்னு அவகிட்டயே கேக்கிறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கேட்பார். உன் வழக்கம் எனக்குத் தெரியும், அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதுப்பா என்று இழுப்பாய். இந்த ஒரு தடவை இழுக்காதே. தப்பாகாது என்று சட்டென்று சொல்லிவிடு. நான் தனியாகக் கேட்டாலும் அதையே சொல்லு.

நல்ல காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் நீ நூறு வயது இருக்க வேண்டும் என் கண்ணே. பயந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காமல் இருந்துவிடாதே.

உன் அம்மா