வாசல் நிலையில் தொங்கும் கற்றாழை

வெள்ளி. சாயங்காலம் பூரா மழை.

கற்றாழை மறுபடியும் அழுகிப்போச்சு. மாமியார் தினமும் அரிசி கழுவுன தண்ணிய அந்தப் பூச்சட்டியிலதான் ஊத்துறாங்க. "வேணாம் அத்தை"ன்னா, "வாயில்லாத செடிய காயப் போடலாமா?"ங்கிறாங்க. மலேசியாவுல, இந்த ஈப்போ ஊருல பெய்யுற மழையே அதுக்கு அதிகம்.

இன்னிக்குப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் கொழகொழன்னு இருந்துச்சு. "தூக்கிப் போடுலா, பசார்ல வேற வாங்கிக்கலாம்"னாரு இவரு. நான் போடல. அழுகுனதை அறுத்து எடுத்தேன். வெட்டுன இடம் ஒரு வாரம் காயணும், சொட்டுத் தண்ணி படக்கூடாது. இந்த வீட்டுல அதை எங்க வைக்கிறது?

கயிறு கட்டி வாசல் நிலையில தலைகீழாத் தொங்கவிட்டேன். அத்தை பார்த்தாங்க. திருஷ்டிக்குன்னு நெனச்சு, குங்குமம் வச்சுக் கும்பிட்டாங்க. இனி அதுல யாரும் கைவைக்க அவங்களே விடமாட்டாங்க.