ஸ்டாரில் போடும் நீல பல்பு

என்னங்க,

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்குச் சொல்லிவைக்கப் பங்குச்சாமியாரைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள். நான் பிள்ளையைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறேன். அக்கா கூட வருகிறாள். பிறந்து ஐந்தே நாள், காமாலை பாதம் வரைக்கும் பரவிவிட்டது. காலையிலிருந்து பாலும் சரியாகக் குடிக்கவில்லை.

“அவங்களும் நீல லைட்டுலதானே போடுறாங்க, நம்ம வீட்லயே போட்டா என்ன?” என்று கிறிஸ்துமஸ் ஸ்டாரில் போடும் பல்பைத் தொட்டிலுக்கு மேல் கட்டினீர்கள். நீலமாக இருந்தால் மட்டும் போதாதாம், அது வேறு வெளிச்சம் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். கண்ணைக் கட்டி, இடுப்புத் துணியோடு இரண்டு நாள் படுக்க வைப்பார்களாம். படுக்கட்டும்.

சமையல்காரர் இளையபெருமாள் வந்தால், இந்த ஞாயிறு பந்தி இல்லை என்று சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை நீங்கள் குவைத்துக்கு விமானம் ஏற வேண்டும், தெரியும். பிள்ளையின் மஞ்சள் உங்கள் டிக்கெட்டைப் பார்த்து இறங்காது.

அக்கா சோறு வடித்து வைத்திருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சண்டை போடவாவது வாருங்கள்.

அருள்ஜோதி

உங்கள் பழைய வேட்டியைக் கிழித்துக் கொண்டுவாருங்கள், பிள்ளைக்குத் துணி போதாது.

கோபத்தில் அந்த பல்பைக் கழற்றிவிடாதீர்கள். நீங்கள் போன பிறகு அவன் அந்த வெளிச்சத்தில்தான் தூங்குவான்.